செவ்வாய்க்கிழமை முதல் பீரியட்: ஒரு பொருளியல் பேராசிரியரின் முப்பது வருட வகுப்பறை

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த ஆய்வில் வரும் பேராசிரியரிடம் நான் படித்தேன். பிறகு அதே துறையில் சில வருடம் அவரோடு வேலையும் பார்த்தேன். அதனால் இதை யாரும் நடுநிலை மதிப்பீடாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பெயரையும் கல்லூரியையும் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ராமநாதபுரம் கடற்கரையை ஒட்டிய ஒரு கலைக் கல்லூரி என்று மட்டும் வைத்துக்கொள்வோம். இனி அவரை "சார்" என்றே எழுதுகிறேன். வேறு எப்படி எழுதினாலும் எனக்குக் கை வராது.

ஓய்வு பெற்றபோது மூன்று அட்டைப்பெட்டிகளை என் மேசையில் கொண்டுவந்து வைத்தார். ஒன்றில் பழைய வருகைப் பதிவேடுகளின் நகல்கள். இன்னொன்றில் விடைத்தாள் நகல்கள், பெயர் கிழிக்கப்பட்டவை. மூன்றாவதில் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிய கார்டுக் கட்டுகள், கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் எழுதியவை. "வச்சுக்கம்மா. கட்டுரையாகாம போன ஆராய்ச்சி இது" என்றார். கீழே இருப்பது அந்தப் பெட்டிகளிலிருந்தும், அவரோடு பேசியதிலிருந்தும், என் நினைவிலிருந்தும் எழுதியது.

சிவப்பு மையில் ஒரு பூஜ்யம்

சார் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல்காட்டுக்காரர். 1990-களின் தொடக்கத்தில் இங்கே வேலைக்குச் சேர்ந்தபோது அவருக்குப் பருத்தி தெரியும், கம்பு தெரியும். சூடை மீனுக்கும் சாளை மீனுக்கும் வித்தியாசம் தெரியாது. பாடம் நடத்தியதும் எல்லாரையும் போலத்தான். அவர் நோட்ஸ் சொல்வார், பிள்ளைகள் எழுதுவார்கள். குறைந்து செல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதிக்கு ஆப்பிள். பதிலீட்டுப் பண்டத்துக்குத் தேநீரும் காப்பியும். இந்த மாவட்டத்தில் எந்தக் குழந்தை அடுத்தடுத்து நாலு ஆப்பிள் தின்று பயன்பாடு குறைந்துபோய் உட்கார்ந்திருந்தது என்று யாரும் கேட்கவில்லை.

இது நம் ஊர்க் கதை மட்டும் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் வில்லியம் பெக்கர், மைக்கேல் வாட்ஸ் என்ற இரண்டு பொருளியலாளர்கள் கல்லூரிப் பொருளியல் ஆசிரியர்களிடம் 1995, 2000, 2005 ஆகிய வருடங்களில் கணக்கெடுத்தார்கள். வகுப்பு நேரத்தில் நடு அளவாக 83 சதவீதம் ஆசிரியரின் பேச்சிலேயே போயிருந்தது. பத்து வருடத்தில் அது பெரிதாக அசையவும் இல்லை. சார் பிற்காலத்தில் இதைப் படித்துவிட்டு, "அப்போ என்னை மட்டும் ஏன் திட்டுறீங்க?" என்று துறை அறையில் கேட்டது நினைவிருக்கிறது. யாரும் திட்டவில்லை. அவராகத்தான் திட்டிக்கொண்டிருந்தார்.

திருப்பம் ஒரு விடைத்தாளில் வந்தது. நிறைவுப் போட்டி அங்காடியின் இயல்புகளை விளக்கு என்பது கேள்வி, பத்து மதிப்பெண். பாம்பன் பக்கத்துப் பையன் ஒருவன், விற்பவர் பலர், வாங்குபவர் பலர், பண்டம் ஒரே மாதிரியானது என்றெல்லாம் புத்தகத்தில் உள்ளதை எழுதிவிட்டு, கடைசியில் தானாக ஒரு வரி சேர்த்திருந்தான்: "எங்கள் கரையில் விற்பவர் பலர், மீன் ஒரே மாதிரி, ஆனால் விலை அப்படி வராது." சார் அந்த வரியைச் சிவப்பில் அடித்து, பக்கத்தில் ஒரு பூஜ்யமும் கேள்விக்குறியும் போட்டார். அந்தத் தாளின் நகல் பெட்டியில் இருக்கிறது.

பையன் விடவில்லை. தாள் கொடுத்த அன்றே துறை அறை வாசலில் வந்து நின்றிருக்கிறான்.

"சார், தப்பா எழுதலை சார்."

"புத்தகத்துல இருக்காப்பா?"

"இல்ல சார். கரையில இருக்கு. அப்பா வியாபாரிகிட்ட முன்பணம் வாங்கியிருக்காரு. மீன்பாடு எவ்வளவு வந்தாலும் அவருக்குத்தான் போடணும். பக்கத்துல இன்னொருத்தர் கூடக் கேட்டாலும் குடுக்க முடியாது. இது எந்த அங்காடி சார்?"

சாரிடம் பதில் இல்லை. வாங்குவோர் முற்றுரிமை, அதாவது வாங்க ஒரே ஒருவர்தான் இருக்கும் சந்தை, என்று ஒரு சொல் பாடத்தில் உண்டு, ஆனால் அது முழுதும் பொருந்தாது. கரையில் வியாபாரிகள் பல பேர் இருக்கிறார்கள். கடனும் விற்பனையும் ஒரே முடிச்சில் கட்டப்பட்டிருப்பதுதான் இங்கே விஷயம். வளரும் நாடுகளின் விவசாயம், மீன்பிடிப்பு பற்றிய பொருளியலில் இதற்கென்று தனியாக ஒரு கிளையே இருக்கிறது. இளங்கலைப் பாடத்திட்டத்துக்குள் அது வரவில்லை, அவ்வளவுதான். அடுத்த வாரம் சார் அதிகாலையில் பஸ் பிடித்து ஏலம் பார்க்கப் போனார். பிறகு பல வருடம் போய்க்கொண்டே இருந்தார்.

யார், எந்தக் கிழமை வரவில்லை

எனக்கு இந்தக் கதையில் மிகப் பிடித்த பகுதி இதுதான். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஏலத்துக்குப் போன ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஏழு மணி சுமாருக்குத் தன் இரண்டாம் ஆண்டு மாணவன் ஒருவனை ஐஸ் பெட்டி இழுக்கும் கோலத்தில் பார்த்தார். அவன் லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டு "குட்மார்னிங் சார்" என்றான். முதல் பீரியடுக்கு அவன் வரவில்லை. சார் வழக்கம்போல 'ஆப்சென்ட்' போட்டார். போட்டுவிட்டுப் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டே பதிவேட்டைப் பின்னால் புரட்டினார். போன செவ்வாய் ஆப்சென்ட். போன வியாழன் ஆப்சென்ட். வெள்ளி, முழு நாள் இருந்தான்.

பாக் நீரிணைப் பக்கம், எங்கள் ஆட்கள் வடகடல் என்பார்களே, அங்கே விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள்தான் போகும்: திங்கள், புதன், சனி. மற்ற நாட்கள் நாட்டுப்படகுக்கு. இருவருக்கும் வலை மோதல் வராமல் இருக்கச் செய்துகொண்ட ஏற்பாடு அது. திங்கள் காலை போன படகு செவ்வாய் காலை கரைக்கு வரும். அன்றைக்குத்தான் மீன் இறக்கம், ஏலம், ஐஸ், லாரி. புதன் போனது வியாழன் வரும். ஆக, எங்கள் கல்லூரியின் செவ்வாய், வியாழன் முதல் இரண்டு பீரியடுகள் விசைப்படகு இறக்கத்தோடு நேருக்கு நேர் முட்டிக்கொண்டிருந்தன. நுண்பொருளியல் கோட்பாடு, கணக்கு அதிகமுள்ள தாள், அந்த இரண்டு நாளும் முதல் பீரியடில் இருந்தது. புதிய மூளைக்குக் கடினமான பாடம் காலையில் என்று யாரோ நல்லெண்ணத்தில் போட்ட அட்டவணை.

சார் அந்த செமஸ்டர் முழுவதற்கும் ஒரு பெரிய வரைபடத் தாள் வாங்கி, வரிசையில் மாணவர், நிரலில் தேதி என்று கட்டம் போட்டு, வராத கட்டத்தை எல்லாம் கறுப்பாக்கினார். மூன்று விதமான கோலம் தெரிந்தது. திங்களும் செவ்வாயும் சேர்ந்து கறுப்பானவர்கள் கடலுக்கே போகிறவர்கள். செவ்வாய், வியாழன் காலை மட்டும் கறுப்பானவர்கள் கரை வேலைக்காரர்கள். மூன்றாவது கூட்டத்துக்கு எந்தக் கிழமையும் ஒத்து வரவில்லை. முழுக்கப் பெண்பிள்ளைகள்.

அந்த மூன்றாவது கூட்டத்தில் நானும் இருந்தேன். ஒரு நாள் அழைத்தார்.

"ஏம்மா, உனக்கு மாசத்துல ரெண்டு தடவை அஞ்சாறு நாள் விட்டுப்போகுது. உடம்புக்கா?"

"இல்ல சார். அம்மா பாசிக்குப் போவாங்க. தம்பிகளைப் பார்த்துக்கணும்."

அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டித்தான் கடல் நன்றாக வற்றும். அப்போதுதான் தீவுப் பக்கம் பாறையில் இருக்கும் மரிக்கொழுந்துப் பாசியைப் பெண்கள் முங்கி எடுக்க முடியும். மாதத்துக்குப் பன்னிரண்டு நாள் போல. விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு, இடுப்பில் வலைப்பையோடு அம்மா விடியுமுன் படகு ஏறுவார். அந்தப் பாசியிலிருந்து அகர் என்ற கூழ்ப்பொருளை எடுக்கிறார்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா என்பதால் தீவை நெருங்க வனத்துறைக் கெடுபிடியும் உண்டு. கிடைக்கிற நாளை விட்டுவிட முடியாது. கிழமைக் கணக்குக்கு இது அடங்காது, நிலாக் கணக்குக்கு அடங்கும். சார் தினசரி காலண்டரை எடுத்து என் வரிசைக்கு நேராக வைத்துப் பார்த்தார். அமாவாசைக்கு ஒரு கறுப்புத் திட்டு, பௌர்ணமிக்கு ஒரு கறுப்புத் திட்டு. அவர் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் ஏனோ வெட்கமாக இருந்தது, வீட்டு விஷயத்தைச் சுவரில் ஒட்டியது போல.

இதை வைத்து அவர் செய்தது சின்ன காரியம். செவ்வாய், வியாழன் கோட்பாட்டுத் தாளை நாலாவது பீரியடுக்கு மாற்றக் கேட்டார். முதல் பீரியடுக்கு வரவேண்டியிருந்த துறையினர் கொதித்தார்கள். "உங்க பாடத்துக்குப் பையன் வேணும், எங்க பாடத்துக்கு வேண்டாமா?" என்றார் ஒருவர். நியாயமான கேள்வி. கடைசியில் நூலக நேரமும் வாராந்திரத் தேர்வுத் திருப்புதலும் காலைக்குப் போயின. கரை வேலைக்காரர்கள் நாலாவது பீரியடுக்கு வர ஆரம்பித்தார்கள், சட்டையில் மீன் வாசனையோடு.

கடலுக்கே போகிறவர்களுக்கு இதனால் பலனில்லை. 75 சதவீத வருகை விதியில் அவர்கள் அடிபட்டுக்கொண்டேதான் இருந்தார்கள். பெண்பிள்ளைகளுக்கும் அட்டவணை எதுவும் செய்ய முடியாது. நிலா அட்டவணைக்குள் நிற்காது. எங்களுக்காக ஒவ்வொரு திட்டு முடிந்ததும் ஒரு மாலை, விட்ட பாடத்தை மறுபடி நடத்தினார். அதற்குச் சம்பளமும் இல்லை, பதிவும் இல்லை.

ஒரு புள்ளிவிவரத்தைப் பற்றி அவர் சொல்வதுண்டு. 2011 கணக்கெடுப்பில் ராமநாதபுரம் மாவட்டத்தின் எழுத்தறிவு 80.7 சதவீதம். மாநிலத்தின் 80.1-ஐவிடத் துளி கூடுதல். அதே மாவட்டத்தை 2018-இல் நிதி ஆயோக், வளர்ச்சியில் பின்தங்கியவற்றுக்கான 'முன்னேற விழையும் மாவட்டங்கள்' பட்டியலில் சேர்த்தது. தமிழ்நாட்டில் அந்தப் பட்டியலில் இடம்பெற்றவை விருதுநகரும் ராமநாதபுரமும் மட்டும்தான். "சராசரியைப் பார்த்தா ஒண்ணும் தெரியாது. கிழமையைப் பார்" என்பார்.

கார்டு ஏலம்

முன்பணம் பற்றிக் கேட்ட பையனுக்குச் சொல்ல வேண்டிய பதில் பாக்கி இருந்தது. அதை அவர் ஒரு விளையாட்டாகச் சொன்னார்.

வகுப்பறையில் சந்தை நடத்திப் பார்ப்பது பழைய யோசனை. எட்வர்ட் சேம்பர்லின் என்ற பொருளியலாளர் ஹார்வர்டில் தன் மாணவர்களை வைத்து நடத்தி 1948-இல் எழுதினார். அவர் பிள்ளைகளை இஷ்டப்படி நடமாடவிட்டு, இரண்டிரண்டு பேராகப் பேரம் பேசவைத்தார். நம் மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் விரல் பிடித்துப் பேசுகிற மாதிரி. பக்கத்தில் என்ன விலை போகிறது என்று யாருக்கும் தெரியாது. விலை தாறுமாறாக வந்தது. போட்டிச் சந்தைக் கோட்பாடு வேலை செய்யவில்லை என்றார். அதில் மாணவனாக உட்கார்ந்திருந்த வெர்னன் ஸ்மித், பின்னால் தானே ஆசிரியரானபோது இரண்டு விஷயத்தை மாற்றினார். விலையை எல்லாரும் கேட்கச் சத்தமாகச் சொல்ல வேண்டும். அதே சந்தையைத் திரும்பத் திரும்ப நடத்த வேண்டும். விலை கோட்பாடு சொன்ன இடத்துக்கு வந்து நின்றது. 1962-இல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார், 2002-இல் நோபல் பரிசு பெற்றார்.

துண்டை எடுத்துவிட்டுச் சத்தமாகக் கேட்டால் என்ன ஆகும் என்பதைக் கரைப் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டியதே இல்லை. சார் செய்தது இப்படி. இருபது பேர். பத்துப் பேர் படகு, பத்துப் பேர் வியாபாரி. படகுக்காரர் கார்டில் ஒரு கூடைக்கு ஆகும் செலவு, 200 ரூபாயில் தொடங்கி ஐம்பது ஐம்பதாக ஏறி 650 வரை. வியாபாரி கார்டில் அவர் கொடுக்கக்கூடிய உச்ச விலை, 700-இல் தொடங்கி ஐம்பது ஐம்பதாக இறங்கி 250 வரை. கார்டை யாருக்கும் காட்டக் கூடாது. கத்திக் கேட்கலாம். படிந்த விலையைக் கரும்பலகையில் எழுத வேண்டும்.

காகிதத்தில் கோடு போட்டுப் பார்த்தால் இரண்டு கோடும் 450-இல் வெட்டும், ஐந்தாறு கூடை கைமாறும். முதல் சுற்றில் 300-க்கும் போகும், 600-க்கும் போகும். மூன்றாவது, நாலாவது சுற்றில் கரும்பலகையில் 440, 450, 460 என்று வந்து நிற்பதை நானே பார்த்திருக்கிறேன். யாரும் சொல்லிக் கொடுக்காமலே. அளிப்புக் கோட்டையும் தேவைக் கோட்டையும் சார் அதற்குப் பிறகுதான் வரைவார். அந்த வரிசை முக்கியம் என்பது அவர் பிடிவாதம். எனக்கும் அதில் சந்தேகமில்லை.

அப்புறம்தான் முன்பணக் கார்டு. செலவு குறைந்த நாலு படகுக்காரர்களிடம் ஒரு சிவப்புக் கார்டு கொடுத்து, இன்ன வியாபாரிக்குத்தான் விற்க வேண்டும் என்பார். மற்றவர்கள் 450-க்குக் கத்திக்கொண்டிருக்க, இந்த நாலு கூடையும் முந்நூறு, முந்நூற்றைம்பதுக்கு அமைதியாகப் போகும். கத்த வேண்டிய தேவையே இல்லையே. வகுப்பு கோபப்படும். சுரண்டல் என்று ஒருவன் எழுந்து சொல்வான். பாடம் முடிந்தது என்று சார் முதல் வருடம் நினைத்தார்.

முடியவில்லை. தங்கச்சிமடத்துப் பையன் ஒருவன் எழுந்தான். "சார், எஞ்சின் போனப்ப பேங்க்ல நாலு தடவை நடக்கவிட்டாங்க. வியாபாரிதான் அன்னைக்கு சாயங்காலமே குடுத்தாரு. வட்டி கேக்கலை. கடலுக்குப் போக முடியாத மாசத்துல அரிசியும் அவருதான். அந்த நூறு ரூபா குறையுறது அதுக்கு இல்லையா?"

அடுத்த வருடக் கார்டுக் கட்டில் 'எஞ்சின் பழுது' என்றொரு கார்டு சேர்ந்தது. ஒவ்வொரு சுற்றுக்கு முன்பும் படகுக்காரர்கள் குலுக்கலில் சீட்டு எடுக்க வேண்டும். பழுது வந்தவர் இரண்டு சுற்று வெளியே. சிவப்புக் கார்டு வைத்திருப்பவர் மட்டும் உடனே திரும்ப வரலாம். சிவப்புக் கார்டு வேண்டுமா வேண்டாமா என்பதையும் அவர்களே முடிவு செய்யலாம். சுரண்டல் என்று கத்தின பிள்ளைகளே வரிசையில் நின்று சிவப்புக் கார்டு வாங்கினார்கள். விலையில் விடுவது ஒருவகைக் காப்பீட்டுக் கட்டணம் என்பதை அன்றைக்கு வகுப்பே கண்டுபிடித்தது. கட்டணம் நியாயமா என்பது வேறு கேள்வி, அது அந்த பீரியடில் தீரவில்லை. மணி அடித்த பிறகும் இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

இதன் தொடர்ச்சியாக அவர் எங்களுக்குச் சொன்ன வடகேரளக் கதையையும் சொல்ல வேண்டும். ராபர்ட் ஜென்சன் என்ற பொருளியலாளர் 2007-இல் எழுதியது. 1997-இலிருந்து 2001-க்குள் அங்கே கடற்கரை நெடுக செல்போன் வந்தது. அதற்கு முன்பு 1997 ஜனவரி 14 காலையில், வடகரையில் பதினொரு மீனவர்கள் வாங்க ஆளில்லாமல் சாளையைக் கடலில் கொட்டும் நிலையில் இருந்தார்கள். பதினைந்து கிலோமீட்டருக்குள் இருபத்தேழு வியாபாரிகள் மீன் கிடைக்காமல் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். போன் வந்த பிறகு கடலில் இருந்தபடியே கேட்டுக்கொண்டு விலை உள்ள கரைக்குப் படகைத் திருப்பினார்கள். வீணாகும் மீன் ஏறக்குறைய இல்லாமல் போயிற்று. மீனவரின் லாபம் சுமார் 8 சதவீதம் கூடியது, வாங்குபவருக்கு விலை சுமார் 4 சதவீதம் குறைந்தது. எங்கள் வகுப்பில் உடனே கேள்வி வந்தது: "முன்பணம் வாங்கினவன் போன் வச்சு என்ன சார் பண்றது?" சார் சிரித்தார். அந்தக் கேள்விக்காகத்தான் கதையே சொல்லியிருக்கிறார்.

விளையாட்டு பலித்ததா

இந்த இடத்தில் பல ஆசிரியர்கள் நிறுத்திக்கொள்வார்கள். பிள்ளைகள் ஆர்வமாகப் பங்கேற்றார்கள், மகிழ்ச்சி தெரிவித்தார்கள் என்று அறிக்கையில் எழுதி, நாலு போட்டோ ஒட்டி அனுப்பினால் முடிந்தது. சாரின் கரிசல் புத்தி அதற்கு ஒப்பவில்லை.

கல்லூரியில் இரண்டு ஷிப்ட். காலை ஷிப்டுக்குக் கார்டு விளையாட்டு, மதிய ஷிப்டுக்குப் பழைய நோட்ஸ் என்று ஒரு செமஸ்டர் நடத்தினார். முன்னும் பின்னும் ஒரே தேர்வு. காலை ஷிப்ட் நன்றாகச் செய்தது. கட்டுரையும் எழுதிவிட்டார். அனுப்புமுன் புள்ளியியல் துறை நண்பரிடம் காட்ட, அவர் ஒரே வரியில் கவிழ்த்தார்: "மதிய ஷிப்டுல யாரு சேர்றான்?" அட்மிஷன் கடைசியில், மதிப்பெண் குறைந்தவர்கள். காலை முழுக்க வேலை பார்த்துவிட்டு வருகிறவர்கள். ஒப்பிடக் கூடாததை ஒப்பிட்டிருக்கிறார். அந்தக் கட்டுரை பெட்டியின் அடியில் இருக்கிறது, மேலே பென்சிலில் "பயனில்லை" என்று எழுதி.

அடுத்த முறை ஒரே ஷிப்டுக்குள் சீட்டுக் குலுக்கிப் போட்டு இரண்டாகப் பிரித்தார். இதற்குள் பொருளியலில் குலுக்கல் முறை ஆய்வு பெரிதாகப் பேசப்பட ஆரம்பித்திருந்தது. 2019-இல் பானர்ஜி, டுஃப்லோ, கிரெமர் மூவருக்கும் நோபல் கிடைத்தது அந்த வழிக்குத்தான். சாருக்கு வந்த சிக்கல் அந்தப் பெரிய ஆய்வுகளில் வராத வகை. விடுதிப் பையன்கள் ராத்திரியே எதிர்க் குழுவுக்குக் கார்டு விளையாட்டை நடத்திக் காட்டிவிட்டார்கள்.

கடைசியில் கிடைத்தது இவ்வளவுதான். சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகளில் இரண்டு குழுவுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. "உங்கள் ஊரில் ஒரு பண்டத்தின் விலை எப்படி முடிவாகிறது" என்ற திறந்த கேள்வியில் கார்டு குழு தெளிவாக மேலே இருந்தது. ஆனால் திருத்தியது சாரே. யார் எந்தக் குழு என்று அவருக்குத் தெரியும். பெயரையும் எண்ணையும் கிழித்துவிட்டு வேறொருவரிடம் திருத்தக் கொடுத்தபோது அந்த வித்தியாசம் பாதியாகச் சுருங்கியது. பெயர் கிழித்த விடைத்தாள்கள் பெட்டியில் இருப்பது அதனால்தான்.

எதிர்பாராத ஒன்றும் வெளிவந்தது. கார்டு குழுவுக்குள்ளேயே முதுகுளத்தூர், கமுதிப் பக்கத்துப் பிள்ளைகள் பின்தங்கினார்கள். ஒரு பெண் சொன்னாள்: "சார், நாங்க ஏலமே பார்த்ததில்லை. கூடை எவ்வளவு பெருசுன்னே தெரியாது." ஆப்பிளைத் தூக்கிவிட்டு மீனை வைத்தவருக்கு இது நல்ல அடி. மாவட்டத்தின் பாதி கடலையே பார்க்காமல் முண்டு மிளகாயும் கரிமூட்டமுமாக வாழ்கிறது. பிறகு மிளகாய்ச் சந்தைக்கு ஒரு கார்டுக் கட்டு தயாரானது, கமிஷன் மண்டி, சாக்கு, ஈரப்பதக் கழிவு எல்லாம் வைத்து. மீன் கட்டு அளவுக்கு அது சுவைபடவில்லை என்பது என் அபிப்பிராயம். நான் கரைக்காரி, வேறு எப்படிச் சொல்வேன்.

புள்ளிகள்

இவ்வளவு செய்தவருக்கு ஆராய்ச்சி என்ற கணக்கில் என்ன கிடைத்தது என்று பார்த்தால் சொற்பம். 2010-இல் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதிமுறை, ஆசிரியர் பதவி உயர்வுக்கு ஏபிஐ என்ற புள்ளி முறையைக் கொண்டுவந்தது. கட்டுரைக்கு இவ்வளவு, நூலுக்கு இவ்வளவு, கருத்தரங்குக்கு இவ்வளவு. தன் வகுப்பைப் பற்றித் தானே செய்த, அதுவும் "வித்தியாசம் பெரிதாக இல்லை" என்று முடிகிற ஆய்வை எந்த இதழும் எளிதில் போடாது. தமிழில் எழுதினால் இன்னும் கஷ்டம். ஒரு நேர்காணலில் குழு உறுப்பினர் ஒருவர், "இது பொருளியலா, பி.எட். வேலையா?" என்று கேட்டாராம். சாரோடு சேர்ந்தவர்கள் மாவட்ட மீன்வளம், சுயஉதவிக்குழு என்று வருடத்துக்கு இரண்டு கருத்தரங்கத் தொகுப்பில் எழுதி முன்னே போனார்கள். அவர் பேராசிரியரானது ஓய்வுக்குச் சில வருடம் முன்புதான்.

இதில் அவர் பக்கமும் தவறு உண்டு என்று நினைக்கிறேன். எழுதி முடித்ததைக்கூட அனுப்ப மாட்டார். இன்னொரு செமஸ்டர் பார்த்துவிடலாம் என்பார். பொருளியல் கல்விக்கென்றே 1969 முதல் ஓர் அமெரிக்க ஆய்விதழ் வருகிறது. அதற்கு ஒரு கட்டுரையாவது அனுப்பியிருக்கலாம். நான் கேட்டபோது, "மறுத்தா மனசு விட்டுப்போயிரும்மா" என்றார். முப்பது வருடம் பிள்ளைகளை ரேங்க் போட்டவர்.

பள்ளிக் கல்வி ஆய்வுகளை மட்டும் கடைசிவரை விடாமல் படித்தார். கொரோனாவுக்குப் பிறகு தமிழ்நாட்டுக் கிராமப்புறக் குழந்தைகளைப் பற்றி அபிஜித் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் செய்த ஆய்வை அச்செடுத்துக் கோடு போட்டு வைத்திருந்தார். பள்ளி மூடலில் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு, திறந்த ஆறு மாதத்தில் திரும்பிவிட்டது. அந்த மீட்சியில் ஏறத்தாழ கால் பங்கு, இல்லம் தேடிக் கல்வி என்ற மாலை வகுப்புத் திட்டத்தால் வந்தது என்பது அதன் முடிவு. ஓரத்தில் சார் எழுதியிருந்தது ஒரு கேள்வி: "சாயங்கால வகுப்பு யாருக்கு உதவியது? பகலில் வராதவனுக்கா, வந்தவனுக்கா?" தன் பாசி வகுப்புகளை நினைத்து எழுதியிருப்பார்.

இப்போதைக்கு

இந்த ஆய்வின் குறைகள் வெளிப்படை. ஒரே ஆசிரியர், ஒரே கல்லூரி. அவருடைய பொறுமையையும் முறையையும் பிரித்துப் பார்க்க வழியில்லை. கார்டு விளையாட்டை நான் நடத்தும்போது விலை 450-க்கு வருகிறது, ஆனால் அந்தச் சண்டை வருவதில்லை; மணி அடித்ததும் எழுந்து போகிறார்கள். பதிவேட்டுக் கட்டம் மட்டும் யார் கையிலும் வேலை செய்கிறது. வேறு கரைக் கல்லூரி எதிலாவது யாராவது செய்து பார்த்தால் சொல்லுங்கள். ஒரு தாள், ஒரு காலண்டர், ஒரு மார்க்கர் போதும்.

சார் பார்க்காமல் விட்ட ஒன்றை வரும் செமஸ்டரில் பார்க்கப் போகிறேன்: ஆறு மாதம் கழித்து யாருக்கு என்ன நினைவிருக்கிறது? நவம்பரில் விளையாட்டு, குலுக்கல் பிரிவு, பெயர் மறைத்த திருத்தல் எல்லாம் பேசியாகிவிட்டது. சிக்கல் மறுதேர்வில் இருக்கிறது. ஆறு மாதம் கழித்து என்றால் மே மாதம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் இந்தக் கரையில் விசைப்படகு மீன்பிடித் தடைக்காலம். பையன்கள் கரையிலேயே இருப்பார்கள், வசதிதான் என்று நான் திட்டம் போட்டுவிட்டேன். சாரிடம் போனில் சொன்னேன். "கேரளாவுல அப்போ தடை இல்லையேம்மா. பாதிப் பேர் அங்க படகேறப் போயிருப்பானே" என்றார். அங்கே விசைப்படகுத் தடை ஜூன் இரண்டாவது வாரத்தில்தான் ஆரம்பம். ஆக, கடலுக்குப் போகிறவனே மறுதேர்வில் காணாமல் போவான். தேர்வை மார்ச்சுக்கு இழுத்தால் நாலு மாதம்தான் ஆகும். போனிலேயே கேள்வி கேட்டு வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.